இருதய அறுவைக்குப் பின் சிறுநீர்த் தொல்லை: ஆண்கள் வெட்கப்படாமல் அறிய வேண்டியவை



இருதய அறுவை சிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருவது நெஞ்சின் நடுவே உள்ள தையலும், மாற்றிய வால்வும், காலிலிருந்து எடுத்து ஒட்டிய இரத்தக் குழாயும்தான். அறுவை நல்லபடியாக முடிந்து, இருதயமும் ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கிய பிறகு, சில ஆண்களை வேறொரு தொல்லை பிடித்துக்கொள்கிறது. சிறுநீர் போகும்போது எரிகிறது. அல்லது சொட்டுச் சொட்டாகப் போகிறது. அல்லது போகவே மறுக்கிறது. இருதயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனவருக்கு இது எங்கிருந்து வந்தது என்று குடும்பத்தார் திகைக்கிறார்கள். வியாதியஸ்தரோ அதை யாரிடமும் சொல்வதில்லை. "இருதயமே பிழைத்துக்கொண்டது, இந்தச் சின்ன விஷயத்தைப் போய் டாக்டரிடம் சொல்வதா?" என்று இருந்துவிடுகிறார்.

இது சின்ன விஷயம் அல்ல. பெரும்பாலும் தடுக்கக்கூடியது, தொடக்கத்திலேயே சொன்னால் எளிதாகக் குணமாக்கக்கூடியது, மறைத்து வைத்தால் சிறுநீரகத்தையும், புதிதாகப் பொருத்திய வால்வையும்கூடக் கெடுக்கக்கூடியது. ஆகவே இம்முறை இதைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதுகிறோம். பெண்களுக்கும் இத்தொல்லைகளில் சில உண்டு. ஆனாலும் ஆண்களின் உடலமைப்பு காரணமாக அவர்களுக்கு வருபவை தனி வகையானவை.

குழாய் எதற்காக வைக்கிறார்கள்?

இருதயத்தைத் திறந்து அறுவை செய்யும்போது, அதன் வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இருதய-நுரையீரல் இயந்திரம் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் 1953-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி இந்த இயந்திரத்தின் துணையோடு ஒரு இளம்பெண்ணின் இருதயத்திலிருந்த துவாரத்தை வெற்றிகரமாக மூடினார். இன்று உலகெங்கும் நடைபெறும் திறந்த இருதய அறுவைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

இந்த அறுவை பல மணி நேரம் நடக்கும். அதன் பிறகும் வியாதியஸ்தர் மயக்கத்தில், செயற்கைச் சுவாசத்தில் இருப்பார். அந்த நேரத்தில் அவருடைய உடலுக்குள் இரத்தம் சரியாக ஓடுகிறதா என்று அறிய டாக்டர்கள் பல அடையாளங்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் முக்கியமானது சிறுநீரின் அளவு. சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போனால் சிறுநீர் இறங்கும், போகாவிட்டால் குறையும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மி.லி. சிறுநீராவது இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. இதை மணிக்கு மணி அளந்து எழுத வேண்டும். அதற்காகத்தான் அறுவைக்கு முன்பே சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயை வைக்கிறார்கள். கதீட்டர் என்றும், பேச்சுவழக்கில் யூரின் டியூப் என்றும் சொல்வது இதுவே.

இன்று எங்கும் பயன்படும் கதீட்டருக்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். பிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் 1930-களில் அதை உருவாக்கினார். குழாயின் நுனியில் சிறிய பலூன் இருக்கும். நுனி சிறுநீர்ப்பைக்குள் போனதும் பலூனில் சுமார் 10 மி.லி. தூய நீரை ஏற்றுவார்கள். அது உப்பிக்கொள்வதால் குழாய் நழுவி வெளியே வராது. குழாயின் பருமனுக்கும் ஒரு எண் உண்டு. பாரிஸ் நகரில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவு அது. எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 16-ஆம் எண் குழாய் ஏறத்தாழ 5.3 மி.மீ. பருமனுள்ளது.

இந்தக் குழாய் இல்லாமல் இருதய அறுவை செய்ய முடியாது என்றே சொல்லலாம். உயிரைக் காக்க உதவும் இதே குழாய், கவனக்குறைவாகக் கையாண்டாலும், தேவைக்கு மேல் உள்ளே இருந்தாலும், பல தொல்லைகளுக்கு வாசலாகிவிடுகிறது.

ஆண்களுக்கு ஏன் அதிகத் தொல்லை?

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழி பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான், அதுவும் நேரானது. ஆண்களுக்கோ அது 18 முதல் 20 செ.மீ. வரை நீண்டு, இரண்டு இடங்களில் வளைந்து செல்கிறது. அதன் உட்புறத்தில் உள்ள தோல் மிக மென்மையானது. நம் கன்னத்தின் உட்புறத்தைப் போல ஈரமானது. அந்த முழு நீளத்திலும் குழாய் உராய்ந்துகொண்டிருக்கிறது. வளைவுகளில் அழுத்தம் இன்னும் அதிகம்.

இரண்டாவது காரணம் புராஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி மோதிரம்போல் அமைந்துள்ள இச்சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உண்டு. வயது ஏற ஏற அது பெருக்கிறது. 60 வயதை எட்டும்போது ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தப் பெருக்கம் இருக்கும். மாரடைப்புக்காக பைபாஸ் அறுவை செய்துகொள்ளும் ஆண்களில் பலர் அந்த வயதினரே. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவதை அவர்கள் "வயதாகிவிட்டது" என்று விட்டிருப்பார்கள். அறுவைக்கு முன் டாக்டரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த சிறுநீர்ப்பை, அறுவையின் களைப்பில் சமாளிக்க முடியாமல் நின்றுவிடுகிறது.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த எச்சரிக்கை

இவ்விஷயத்தில் மருத்துவ உலகம் விழித்துக்கொண்ட வரலாறு அறிந்துகொள்ளத்தக்கது.

1982-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து மருத்துவர்கள் சிலர் லண்டனில் வெளியாகும் லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். திறந்த இருதய அறுவை செய்துகொண்ட ஆண்களுக்குச் சிறுநீர் வழி திடீரென்று சுருங்கிப்போவதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஒருவருக்கோ இருவருக்கோ அல்ல. கொள்ளைநோய் என்று சொல்லும்படி, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். குழாய் அவர்களுக்கு நீண்ட காலம் இருந்ததும் இல்லை. சில நாட்கள் மட்டுமே குழாய் வைத்திருந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய சேதம் ஏன் என்பதே கேள்வி. அயர்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் அக்காலத்திலேயே இதுபோன்ற செய்திகள் வெளிவந்தன.

மருத்துவர்கள் தேடியபோது இரண்டு காரணங்கள் கைகோத்து நிற்பது தெரிந்தது.

முதலாவது, குழாய் செய்யப்பட்ட பொருள். அக்காலத்தில் கதீட்டர்கள் பெரும்பாலும் லேடெக்ஸ் என்னும் இயற்கை ரப்பரால் செய்யப்பட்டவை. ரப்பரைப் பதப்படுத்துவதற்குச் சில இரசாயனங்களைச் சேர்ப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களின்மேல் பலவகைக் குழாய்களிலிருந்து கரைந்த சாற்றை ஊற்றிப் பார்த்தபோது, சில ரப்பர் குழாய்களின் சாறு அந்த உயிரணுக்களைக் கொன்றது. சிலிக்கோன் குழாய்களின் சாற்றில் அந்த நச்சு மிகக் குறைவாக இருந்தது. 

இரண்டாவது, இரத்த ஓட்டக் குறைவு. அதே ரப்பர் குழாய்களை மற்ற அறுவைகளுக்கும் பயன்படுத்தினார்கள்; ஆனால் இருதய அறுவைக்குப் பின்தான் சுருக்கம் இவ்வளவு அதிகமாக வந்தது. காரணம் என்ன? இயந்திரம் இரத்தத்தைச் செலுத்தும் நேரத்தில் இரத்த அழுத்தம் தாழ்வாக இருக்கும். உடலைக் குளிர்விப்பதும் உண்டு. அப்போது உடல் மூளைக்குத்தான் முதலிடம் கொடுக்கும். தோல், குடல், சிறுநீர் வழி போன்ற இடங்களுக்கு இரத்தம் குறைந்துபோகும். இரத்தம் குறைந்த மென்மையான தோலின்மேல் குழாய் அழுத்தியும், அதிலிருந்து நச்சு கசிந்தும் கொண்டிருந்தால் தோல் செத்துப் புண்ணாகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு நாளடைவில் இறுகி வழியை நெரிக்கிறது.

இந்த எச்சரிக்கையால் நல்ல மாற்றங்கள் வந்தன. பல இடங்களில் இருதய அறுவைக்குச் சிலிக்கோன் குழாய் வழக்கத்துக்கு வந்தது. உடலுக்குள் வைக்கும் மருத்துவப் பொருட்கள் உயிரணுக்களுக்கு நச்சாகுமா என்று சோதிக்கும் முறைகள் உலகத் தர விதிகளில் இடம்பெற்றன. சிலிக்கோன் குழாயின் விலை ரப்பர் குழாயைவிட அதிகம்தான். ஆனாலும் ஒருவர் ஆயுள் முழுவதும் சிறுநீர் வழிக்காக ஆஸ்பத்திரிக்கு அலைவதோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவே. சிலிக்கோன் குழாய் வைத்தால் சுருக்கமே வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. வரும் வாய்ப்பு குறைகிறது என்பதே உண்மை.

குழாயை எடுத்த நாளில்

தொல்லைகளை அவை வரும் வரிசையிலேயே பார்ப்போம்.

அறுவைக்குப் பின் ஓரிரு நாட்களில் குழாயை எடுப்பார்கள். முதல் ஒன்றிரண்டு தடவை சிறுநீர் போகும்போது சற்று எரிச்சல் இருப்பது இயல்பு. ஆனால் ஆறு மணி நேரமாகியும் போகவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் அது நீரடைப்பு. மயக்க மருந்தும், வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் போன்ற மருந்துகளும் சிறுநீர்ப்பையைச் சோம்பலாக்குகின்றன. மலச்சிக்கல் அதை மேலும் கெடுக்கிறது. படுத்தபடியே பாத்திரத்தில் போகச் சொன்னால் பல ஆண்களுக்கு வராது. இதற்குமேல் புராஸ்டேட் பெருக்கமும் இருந்தால் வழி அடைபட்டுவிடுகிறது.

சாதாரணமாகச் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும். அதைக் கடந்து ஒரு லிட்டர் வரை தேங்கினால் அதன் தசை நீண்டு தளர்ந்து, பின்னர் வழி திறந்தாலும் சுருங்கித் தள்ள மாட்டாது. ஆகவே "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று பொறுத்திருப்பது நல்லதல்ல. உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். துணை பிடித்து எழுந்து நின்று போகச் செய்வது, மறைப்புத் திரை இடுவது, குழாயைத் திறந்து விடும் சத்தத்தைக் கேட்கச் செய்வது போன்ற எளிய வழிகளே பலருக்குப் போதும். போதாவிட்டால் ஒருமுறை குழாய் விட்டு நீரை வெளியேற்றி உடனே எடுத்துவிடலாம். புராஸ்டேட்டைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் உண்டு. ஆனால் அவை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இருதய மாத்திரைகளோடு சேரும்போது எழுந்து நிற்கையில் தலைசுற்றலாம். ஆகவே டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும்.

முக்கிப் போவதும் கூடாது. அறுவைக்காகப் பிளந்த நெஞ்செலும்பு நன்றாக ஒட்டுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிறுநீருக்கோ மலத்துக்கோ மூச்சடக்கி முக்குவது அதற்கு நல்லதல்ல.

இன்னும் ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். இருதய அறுவைக்குப் பின் சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, ஓரிரு நாட்கள் புத்தி தடுமாறும். அந்தக் குழப்பத்தில் குழாயைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். உள்ளே பலூன் உப்பியிருப்பதால் சிறுநீர் வழி கிழிந்து இரத்தம் கொட்டும். பின்னர் அந்த இடத்தில் தழும்பும் விழும். குழாயைத் தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்திரி போட்டுப் பொருத்தி வைப்பது இதற்காகத்தான். அருகில் இருக்கும் உறவினர்கள் அதை அவிழ்க்கக் கூடாது. அதுபோல் குழாய் வைக்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் பின்னால் தள்ளிய முன்தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் அது இறுகி வீங்கி, கடும் வலி உண்டாகும். அவ்விடத்தில் வீக்கம் தெரிந்தால் கூச்சப்படாமல் அப்போதே சொல்ல வேண்டும்.

கிருமிகளும் செயற்கை வால்வும்

சிறுநீர்ப்பைக்குள் சாதாரணமாகக் கிருமிகள் எளிதில் நுழைந்து தங்க முடியாது. ஒவ்வொரு முறை போகும் சிறுநீரும் வழியைக் கழுவிவிடுகிறது. குழாய் உள்ளே இருக்கும்போது அந்தக் கழுவல் நின்றுவிடுகிறது. கிருமிகள் குழாயின் மேல் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு மெல்ல மேலே ஏறுகின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் அபாயம் 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டுள்ளது. ஒரு நாள் முன்னதாக எடுத்தால் அந்த ஒரு நாளின் அபாயம் மிச்சம்.

இருதய அறுவை செய்துகொண்டவருக்கு இந்தத் தொற்று மற்றவர்களைவிட ஆபத்தானது. சிறுநீரில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்தால், செயற்கை வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம். வால்வில் தொற்று ஏற்பட்டால் வாரக்கணக்கில் ஊசி மருந்து வேண்டும். சிலருக்கு மறுபடியும் நெஞ்சைத் திறக்க நேரிடும். ஆகையால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், நீர்க்கடுப்பு, சிறுநீர் கலங்கி நாற்றமடித்தல், விலாப்புற வலி இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பம் மட்டும் வருவதும் உண்டு.

நம் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீர்க்கடுப்பு என்றால் "உடம்புச் சூடு" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடிப்பார்கள். அதிலும் தீராவிட்டால் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவார்கள். இருதய வியாதியஸ்தருக்கு இவ்விரண்டிலும் ஆபத்து உண்டு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருக்கலாம். மேலும் கூடினால் இருதயத் துடிப்பே தடுமாறும். சிலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு வைத்திருப்பார். கடையில் வாங்கும் கிருமிக்கொல்லி மருந்திலோ வேறு அபாயம். செயற்கை வால்வு உள்ளவர்கள் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகுமரால் சாப்பிடுகிறார்கள். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்ஸசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை அதன் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். எந்த மாத்திரையும் வாங்கு முன், "எனக்கு வால்வு மாற்றியிருக்கிறது, இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்வது உயிரைக் காக்கும் வார்த்தை.

சிறுநீரில் இரத்தம் கண்டால் "மாத்திரையின் வேலை" என்று விட்டுவிடவும் கூடாது. பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டி நின்றுவிடலாம். உடனே இரத்தம் உறையும் அளவைப் பரிசோதிக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் இரத்தம் வந்தால் சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ கல்லோ கட்டியோ இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அவசியம்.

இதில் வீண் பயமும் வேண்டாம். அறுவைக்குப் பின் உடலில் தேங்கிய நீரை வெளியேற்ற ஃப்ருசிமைடு போன்ற மாத்திரை கொடுப்பார்கள். காலையில் அதைச் சாப்பிட்டதும் சில மணி நேரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். பஸ்ஸில் போக வேண்டும் என்பதற்காக அதை விட்டுவிடாமல், சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

வாரங்கள் கழித்து வரும் சுருக்கம்

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது சுருக்கம்தான். ஏனெனில் அது ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தெரிவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து மெல்ல மெல்ல வருகிறது. மனிதன் அதற்குப் பழகிக்கொள்கிறான்.

அடையாளங்கள் இவை: தாரை மெலிந்துபோகும், இரண்டாகப் பிரிந்து சிதறும், போய் முடிய முன்னிலும் அதிக நேரம் ஆகும், முக்கினால்தான் வரும், முடிந்த பின்னும் சொட்டும், பை முழுவதும் காலியான நிம்மதி இராது. "முன்பு தாரை எட்டிப் போய் விழும், இப்போது காலடியிலேயே விழுகிறது" என்று கிராமத்து ஆண்கள் சொல்வது மிகச் சரியான வர்ணனை.

புராஸ்டேட் பெருக்கத்துக்கும் இதே அடையாளங்கள்தான். ஆனால் 30, 35 வயதில் வால்வு மாற்றிக்கொண்ட வாலிபனுக்குத் தாரை மெலிந்தால் அது பெரும்பாலும் புராஸ்டேட் அல்ல. சுருக்கமாக இருக்கலாம் என்று நினைக்க வேண்டும். முதியவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு கருவியில் சிறுநீர் கழிக்கச் செய்து அதன் வேகத்தை அளப்பார்கள். உச்ச வேகம் நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது; 10-க்குக் கீழ் இருந்தால் தடை இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். இதில் வலி இல்லை, ஊசி இல்லை. பிறகு ஒரு திரவ மருந்தை வழிக்குள் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சுருக்கம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.

கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பை தடித்துப்போகும். தேங்கிய நீரில் தொற்றும் கல்லும் வரும். நீர் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகங்களை வீங்கச் செய்யும். இருதயத்துக்காகப் பாடுபட்டுப் பெற்ற ஆயுளைச் சிறுநீரகம் பறித்துக்கொள்ள விடலாமா?

சிகிச்சைகள்

குட்டையான சுருக்கத்தை மெல்ல விரிவுபடுத்தலாம். அல்லது உள்நோக்குக் கருவியால் பார்த்தபடியே தழும்பை உள்ளிருந்து கீறிவிடலாம். ஒரு நாளில் முடிந்துவிடும் காரியம். ஆனால் சுருக்கம் மறுபடியும் வரலாம். திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டே இருப்பதால் பயன் குறைகிறது, தழும்பும் நீளுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கும், நீளமான சுருக்கம் உள்ளவர்களுக்கும், புதிய வழி அமைக்கும் அறுவை உண்டு. கன்னத்தின் உட்புறத்திலிருந்து மெல்லிய தோலை எடுத்துச் சிறுநீர் வழியில் ஒட்டிவிடுகிறார்கள். எப்போதும் ஈரமாக இருந்து பழகிய தோல் ஆனதால் அது அங்கே நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. வாயில் உள்ள புண் விரைவில் ஆறிவிடும். அனுபவமுள்ள கைகளில் இது நல்ல பலன் தருகிறது.

இருதய அறுவை முடிந்தவருக்கு இச்சிகிச்சைகளைச் செய்யும்போது இரு துறை மருத்துவர்களும் கலந்து பேசியாக வேண்டும். இரத்தம் உறையாத மாத்திரையை எப்போது மாற்றுவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். சிறுநீரில் கிருமி இருந்தால் அதை முதலில் ஒழித்த பிறகே கருவியை உள்ளே விட வேண்டும். முற்றிலும் அடைத்துக்கொண்டவருக்கு, அடிவயிற்றின் வழியாக நேரே சிறுநீர்ப்பைக்குள் சிறு குழாய் வைத்து உடனடியாக நிவாரணம் கொடுத்துவிட்டு, மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

தடுப்பதே மேலானது

நாங்கள் நர்ஸ்மாருக்கும் இளம் டாக்டர்களுக்கும் வற்புறுத்திச் சொல்வது சில எளிய காரியங்களே. அறுவைக்கு முன்பே ஒவ்வொரு ஆணிடமும் சிறுநீர் எப்படிப் போகிறது, இதற்கு முன் குழாய் வைத்ததுண்டா என்று கேட்க வேண்டும். பெரிய குழாயைத் தேடாமல், போதுமான அளவில் மெல்லிய குழாயை எடுக்க வேண்டும். இருதய அறுவைக்குச் சிலிக்கோன் குழாயே மேல். கைகழுவி, கிருமியற்ற கையுறை அணிந்து, வழுவழுப்பான மருந்துக் களிம்பைத் தாராளமாகப் போட்டு, பொறுமையோடு செலுத்த வேண்டும். தடை தட்டினால் பலவந்தம் செய்யக் கூடாது. சிறுநீர் வந்த பிறகே பலூனை உப்பச் செய்ய வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. வியாதியஸ்தரை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைப்பது பழைய நீரை உள்ளே திருப்பி அனுப்புவதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாள் காலையிலும் "இந்தக் குழாய் இன்றும் வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். அறுவைக்காக வைத்த குழாயைக் கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இருதய அறுவைக்குப் பின் நிலைமை சீராகாதவர்களுக்கு இன்னும் சில நாட்கள் தேவைப்படலாம். ஆனால் மறதியினாலோ வசதிக்காகவோ ஒரு மணி நேரம்கூட அது கூடுதலாக இருக்கக் கூடாது.

வீட்டாரும் நண்பர்களும் செய்யக்கூடியது

பெரிய பொருட்செலவு தேவையில்லாத உதவி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ சபையிலோ இருதய அறுவை செய்துகொண்ட ஆண்கள் இருந்தால், தனியாக அழைத்து, "அண்ணே, சிறுநீர் தாராளமாகப் போகிறதா? தாரை முன்போல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும், ஆறு மாதம் கழித்தும் கேளுங்கள். மனைவிமார் கழிப்பறையில் கணவர் அதிக நேரம் நிற்பதைக் கவனித்தால் சொல்லத் தயங்க வேண்டாம். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் சில நீரடைப்பை உண்டாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டுடன், அறுவையின்போது எத்தனை நாள் குழாய் இருந்தது என்ற விவரத்தையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இருதய டாக்டர் கேட்காவிட்டாலும் தாமாகச் சொல்லட்டும்.

இருதயத்தைப் பிழைக்க வைப்பதற்குப் பலருடைய உழைப்பும், பலருடைய காணிக்கையும், பல பாட்டில் இரத்தமும் செலவாகின்றன. அப்படிப் பிழைத்த ஒருவர், வெட்கத்தினால் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொரு வியாதியில் விழுந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அதை அப்படிப்பட்ட ஒருவர் கையில் கொடுங்கள். அவர் அன்றைக்கே டாக்டரிடம் வாய்திறந்து பேசினால், இதை எழுதியதன் பலன் எங்களுக்குக் கிடைத்துவிட்டது.